நாலாவது ஜாக்கியின் நட்டு

"எங்க அண்ணனை எங்க வீட்டுக்காரரே கொன்னுட்டார்ங்கறாங்க. கொன்னாரா, கொல்லலையா? நாலு மணிக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும்."

வாசலில் நின்றபடியே இதைச் சொன்னாள் அந்தப் பெண். வணக்கம் கிடையாது, உட்காரலாமா என்ற கேள்வி கிடையாது. இரண்டு நாளாகத் தலைவாராத கோலம். ஒரு காலில் ஒரு செருப்பு, இன்னொன்றில் வேறு செருப்பு. ஜன்னலோரம் டீ குடித்துக்கொண்டிருந்த வெல்டர் அவசரமாக டம்ளரை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"நாலு மணிக்கு என்ன?" என்று கேட்டார் மேசைக்குப் பின்னால் இருந்தவர்.

"அடக்கம். அண்ணி என்னை வாசல்லயே நிறுத்திட்டாங்க. 'கொலைகாரன் பொண்டாட்டிக்கு முகம் காட்ட மாட்டேன்'னுட்டாங்க. ஸ்டேஷனுக்குப் போனா அங்க இவர் கம்பியைப் புடிச்சிக்கிட்டு 'நான் செய்யலடி'ங்கறார். நான் எந்தப் பக்கம் நின்னு அழறது? அதைச் சொல்லுங்க, போதும்."

மேசைக்குப் பின்னால் இருந்தவருக்கு ஊரில் வைத்த பெயர் உரைகல். பதினெட்டு வருடம் உலோகச் சோதனைக் கூடத்தில் இரும்பையும் பித்தளையையும் முறித்து, நசுக்கி, தேய்த்துப் பார்த்தவர். இப்போது எந்திரம் எங்கேயாவது ஆளைத் தின்றால், தின்றது எந்திரமா மனிதனா என்று பார்த்துச் சொல்ல இன்சூரன்ஸ்காரர்களும் தொழிற்சங்கத்துக்காரர்களும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். ஐம்பதை நெருங்கிய பெண். குரலை உயர்த்தி வெல்டர் கேட்டதில்லை. வெல்டருக்கு இடது கண் நெருப்பில் போனது. கண்ணாடி போடாமல் ஒட்டவைக்கச் சொன்ன முதலாளிக்கு எதிராக உரைகல் எழுதிக் கொடுத்த அறிக்கையில்தான் அவன் வாழ்க்கை மீண்டது. அன்றிலிருந்து அவருக்குக் கார் ஓட்டுகிறான், பை தூக்குகிறான், கேட்காத யோசனையெல்லாம் சொல்கிறான்.

"முதல்ல இருந்து சொல்லும்மா," என்றார் உரைகல்.

அவள் சொன்னாள். பஸ் ரிப்பேர் பட்டறை. பஸ்ஸின் நாலு மூலைக்கும் நாலு திருகு ஜாக்கி. ஆளுயர இரும்புத் திருகு சுழலச் சுழல, அதில் கோத்திருக்கும் கனத்த நட்டு மேலே ஏறும். நட்டின் மேல் தாங்கி, தாங்கியின் மேல் பஸ். அந்த ஜாக்கிகளைப் பார்த்துக்கொண்டவர் அவள் அண்ணன். நட்டுகளைக் கடைந்து கொடுப்பவர் அவள் புருஷன், பெரிய லேத்துக்காரர். புதன்கிழமை காலை நாலாவது ஜாக்கியின் நட்டு வழுக்கிவிட்டது. அண்ணன் அடியில் இருந்தார்.

"எடுத்துப் பாத்தா நட்டு சிவப்பா இருக்காம். சுத்தச் செம்பு. கடையக் குடுத்த வெண்கலத்தை இவர் திருடி வித்துட்டு, கையில கெடைச்ச செம்புல கடைஞ்சு மாட்டிட்டாராம். நட்டு மேல இவர் நம்பர் இருக்கு. ஏழு."

"நீ என்ன நெனக்கிற?"

"பத்து நாளா எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல. 'உங்க அண்ணனுக்கு உடம்புதான் இருக்கு, மண்டை காலி'ன்னு நாலு பேர் முன்னாடி சொன்னார். சொன்ன வாய் எதுவும் செய்யும்னுதான் தோணுது. சோத்துல கை வச்சா உலோகப் பேச்சுதான். செம்புல வெள்ளீயத்தைக் கலக்கறோம்னு அவர் வாயாலேயே சொல்லியிருக்கார். கலப்படம் பண்றதைப் பெருமையாச் சொல்ற ஆளை எப்படி நம்பறது?"

"கலப்படமா?" உரைகல் அவளை நிமிர்ந்து பார்த்தார். "இதை வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல," என்றாள் அவள். கேள்வி முடிவதற்குள் வந்த பதில் அது.

உரைகல் எழுந்து பையை எடுத்தார். மணி பத்தே கால். கார்ச் சாவி அதற்குள் வெல்டரின் விரலில் சுழன்றுகொண்டிருந்தது.

*

பட்டறையில் வேலை நின்றிருந்தது. ஆனாலும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. எண்ணெய்த் துணியால் கையைத் துடைப்பதும், துடைத்த கையையே மறுபடி துடைப்பதுமாக நின்றுகொண்டிருந்தார்கள். நாலாவது ஜாக்கி மட்டும் கழற்றிப்போட்டுக் கிடந்தது. அதன் கீழே தரையைக் கழுவியிருந்தார்கள். கழுவிய இடம் மற்ற இடத்தைவிட வெளுப்பாக இருந்தது. வெல்டர் தன் நல்ல கண்ணை அங்கிருந்து திருப்பிக்கொண்டான். அந்தப் பெண்ணால் திருப்ப முடியவில்லை.

ஃபோர்மேன் தொந்தி முன்னால் வர, அவர் பின்னால் வந்தார். "இதுல துப்பறிய என்னங்க இருக்கு? வெண்கலம் கேட்டோம், செம்பு குடுத்தான். நம்பர் இருக்கு, ஆள் இருக்கான். போலீஸும் எழுதிட்டாங்க."

"நட்டை மாட்டறதுக்கு முன்னாடி யார் பாக்கறது?"

"நான்தான். ஏழு இருக்கான்னு பாத்து அனுப்புவேன்."

"ஏழைப் பாப்பீங்க. நட்டைப் பாக்க மாட்டீங்க."

வெல்டர் சிரிப்பை அடக்க இருமினான். ஃபோர்மேன் முகம் கறுத்தது.

"பஸ்ஸைத் தூக்கினதும் கீழ முட்டுக் குடுக்கணுமே. ஏன் குடுக்கல?" என்று அடுத்துக் கேட்டார் உரைகல்.

"அன்னிக்கு மூணு வண்டி வரிசையில நின்னுதுங்க..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. உரைகல் நோட்டில் ஒரு வரி எழுதினார். அந்த ஒரு வரிக்கு ஃபோர்மேன் இரண்டடி பின்னால் போனார்.

சாட்சிப் பொருளோடு ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். காகிதத்தைப் பிரித்தார். கை முட்டி அளவு நட்டு. திருகைக் கவ்வும் உள்மரை பாதி உயரத்துக்கு வழித்தெடுத்ததுபோல் மழுங்கியிருந்தது. முறிந்து உடைந்த கூர் எங்கும் இல்லை. பிசைந்த மாவை விரலால் இழுத்தது மாதிரி இழுபட்டிருந்தது. மேல் பாதியில் மாத்திரம் மரை முழுசாக நின்றது. உரைகல் பூதக்கண்ணாடியை வைத்து அந்த மேல் பாதியையே நெடுநேரம் பார்த்தார்.

"வெல்டரே, இதுல என்ன தெரியுது?"

"பளபளன்னு இருக்கு அக்கா. கண்ணாடி மாதிரி. நல்ல கை கடைஞ்ச மரை."

"நல்ல கைதான். அதை மனசுல வச்சுக்க."

அடுத்து நட்டின் முகத்தில் அடித்திருந்த ஏழைத் தடவிப் பார்த்தார். பிறகு மற்ற மூன்று ஜாக்கிகளின் மூடியையும் திறக்கச் சொன்னார். உள்ளே கிரீஸைத் துடைத்தால் மூன்றிலும் மங்கிய மஞ்சள் வெண்கல நட்டுகள். மூன்றிலும் ஏழு. ஆனால் அவை நகத்தால் கீறியதுபோல் மேலோட்டமாக இருந்தன. செம்பு நட்டில் ஏழு புதைந்து கிடந்தது, ஓரம் மேடு தட்டி.

உரைகல் பையிலிருந்து பேனா போன்ற ஒரு ஸ்பிரிங் பஞ்சை எடுத்தார். அழுத்தினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் எப்போதும் ஒரே வேகத்தில் ஊசியை அடிக்கும். யார் கையில் இருந்தாலும் ஒரே அடிதான். வெண்கலத்தில் 'டக்' என்றது. பேனா முனை வைத்தாற்போல ஒரு புள்ளி விழுந்தது. செம்பில் 'தொப்' என்றது. அதைப்போல் இரண்டு பங்கு அகலக் குழி.

"செம்பு மெத்துனு இருக்கும்னு எங்களுக்கும் தெரியும்," என்றார் ஃபோர்மேன். "அதான் அவனைப் புடிச்சிருக்கு."

"இந்த ஜாக்கிக்கு நட்டு மாத்தி எத்தனை நாளாச்சு?"

"நாலுக்கும் ஒரே நாள்லதான் மாத்தினோம். இருபத்திரண்டு நாள். தினம் ரெண்டு வண்டி ஏறும்."

"இருபத்திரண்டு நாள், தினம் ரெண்டு வண்டி," என்று தனக்குள் சொல்லிக்கொண்டே உரைகல் தரையில் கிடந்த இரும்புத் திருகின் அருகில் குந்தினார். அதன் பள்ளத்தில் அப்பியிருந்த கிரீஸை மரக்குச்சியால் ஒரு வெள்ளைக் காகிதத்தில் வழித்தார். மேலே சிவப்புச் சிவப்பாக இழைகள். அடியில் பழைய கறுத்த கிரீஸ். அந்தக் கறுப்பைத் தேய்த்து வெளிச்சத்தில் பிடித்தார். பொடிப்பொடியாக மஞ்சள் மினுக்கம்.

வெல்டருக்கு ஏதோ புரிகிற மாதிரி இருந்தது, ஆனால் பிடிபடவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்தான். அவள் காகிதத்தைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு ஐந்து.

அடுத்து லேத்துகள். பெரிய லேத்தின் தட்டில் உதிரி உதிரியாக மஞ்சள் தூள். அதில் மாட்டியிருந்த வெட்டு டூலின் மேல்முகம் மேசைபோல் தட்டை. ஏழு நம்பர் பஞ்ச் பக்கத்திலேயே ஓர் ஆணியில் தொங்கியது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். பத்தடி தள்ளிச் சின்ன லேத். அதன் தட்டில் கூந்தல்போல் சுருண்டு சுருண்டு சிவப்புச் சுருள்கள். டூலின் மேல்முகம் பின்னோக்கி நல்ல சரிவாகத் தீட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு எண்ணெய்க் குவளை.

"நீங்க என்னங்க கடையறீங்க?"

சின்ன லேத்துக்காரர் ஒல்லியான ஆள். "மின்சாரச் சாமானுங்க. செம்பு முனை. தினம் அதான்," என்றார். சொல்லிவிட்டுக் குவளையை அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார்.

உரைகல் போலீஸ்காரரிடம் திரும்பினார். "உங்க இன்ஸ்பெக்டருக்குப் போன் போடுங்க. லேத்துக்காரரையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. செத்துப்போனவரோட பெட்டியைத் திறக்கணும், அதுக்கு இன்ஸ்பெக்டரும் வேணும்."

*

ஜீப் வர ஒன்றரை ஆகிவிட்டது. பெரிய லேத்துக்காரர் இறங்கினார். ஒரு பக்கக் கன்னம் வீங்கி உதடு வெடித்திருந்தது. அடித்தது போலீஸா, புதன்கிழமை இங்கிருந்தவர்களா என்று சொல்ல முடியாது. பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே அவர் காலைப் பார்த்தாள். வெறுங்கால்.

"சாப்டியா?" என்று கேட்டார் அவர்.

அவள் இல்லை என்று தலையை அசைத்தாள்.

இன்ஸ்பெக்டர் சலிப்போடு கடிகாரத்தைத் தட்டினார். "பத்து நிமிஷம் தர்றேன்மா. நட்டுல அவன் நம்பர் இருக்கே, அதுக்கு மேல என்ன?"

"நம்பர் இவரோடது. நட்டு இவரோடது இல்ல," என்றார் உரைகல். "ஒவ்வொன்னாச் சொல்றேன், தப்பா இருந்தா நிறுத்துங்க. இந்தச் செம்பு நட்டு இருபத்திரண்டு நாள் பஸ்ஸைத் தூக்கியிருந்தா முதல் நாள்லயே மரை வழிஞ்சிருக்கும். ஒரு தூக்கு, மிஞ்சினா ரெண்டு தூக்கு. அதுக்கு மேல இதால முடியாது."

"அது உங்க அபிப்பிராயம்."

"இது அபிப்பிராயம் இல்லையே." காகிதத்தை நீட்டினார். "திருகு மேல இருந்த கிரீஸ். மேலே செம்பு இழை, புதுசு. அடியில பழைய கிரீஸ்ல வெண்கலத் தூள். இந்த ஜாக்கியில முதல்ல வெண்கல நட்டுதான் ஓடியிருக்கு, நாள்கணக்கா. அப்புறம்தான் செம்பு வந்திருக்கு. அப்போ இவர் வெண்கலத்துலதான் கடைஞ்சு குடுத்திருக்கார். பின்னாடி யாரோ மாத்தியிருக்காங்க."

கூட்டத்தில் சலசலப்பு. "அதைத்தான்யா நான் ரெண்டு நாளாக் கத்தறேன்," என்றார் பெரிய லேத்துக்காரர், யாரையும் பார்க்காமல்.

"செம்பு நட்டைக் கடைஞ்சது யாருன்னு மரையே சொல்லுது," என்று தொடர்ந்தார் உரைகல். "வெல்டரே, வெண்கலத்துக்கு டூலை எப்படித் தீட்டுவாங்க?"

வெல்டர் நெஞ்சை நிமிர்த்தினான். "தட்டையா. அது உதிரும் அக்கா, சரிவு வச்சா டூல் உள்ள இழுத்துக்கும்."

"செம்புக்கு?"

"நல்ல சரிவு. தட்டையான டூலை வச்சா செம்பு ஒட்டிக்கிட்டுக் கிழியும். மரை கந்தலாப் போயிடும்."

"மிச்சம் இருக்கற மரை கண்ணாடி மாதிரி இருக்குன்னு சொன்னது நீதான். தினம் செம்பு கடையற கை, அதுக்குன்னே தீட்டின டூல், பக்கத்துல எண்ணெய். இந்தப் பட்டறையில அது ஒரு இடத்துலதான் இருக்கு."

எல்லாத் தலையும் சின்ன லேத்தின் பக்கம் திரும்பியது. ஒல்லியான ஆள் சுவரோடு ஒட்டினார். அடுத்த நொடி கூட்டத்திலிருந்து இருவர் அவர் சட்டையைப் பிடித்தார்கள்.

"விடுங்க அவரை," என்றார் உரைகல். குரல் உயரவில்லை, ஆனாலும் விட்டார்கள். "கடைஞ்சவர் அவர். மாட்டினவர் அவர் இல்ல. ஜாக்கியைப் பிரிச்சு நட்டை மாத்த அரை நாள் ஆகும். ஜாக்கிக்காரருக்குத் தெரியாம யாரும் அதைச் செய்ய முடியாது. இன்ஸ்பெக்டர், பெட்டியைத் திறங்க."

இறந்தவரின் தகரப் பெட்டியில் மாற்றுச் சட்டை, சோப்பு, சீப்பு, அடியில் ஒரு துணி முடிச்சு. முடிச்சுக்குள் வெண்கல நட்டு ஒன்று. முகத்தில் மேலோட்டமான ஏழு. ஒரு மூலையை மட்டும் அரத்தால் ராவிப் பளபளவென்று ஆக்கியிருந்தது. கூடவே ஒரு துண்டுச் செம்புக் கம்பி, சுண்டுவிரல் நகம் அளவு வெள்ளீயம்.

அந்தப் பெண் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"நட்டோட மூலையை ஒருத்தர் ஏன் ராவணும்?" என்றார் உரைகல். "உள்ளே என்ன நிறம்னு பாக்க. பக்கத்துல செம்பை வச்சுப் பாத்திருக்கார், சிவப்பு இல்ல. வெள்ளீயத்தை வச்சுப் பாத்திருக்கார். 'செம்புல இதைக் கலந்துட்டாங்க, ஏமாத்திட்டாங்க'ன்னு முடிவு பண்ணிட்டார். சுத்தமானதுதான் கெட்டின்னு நம்பி, சுத்தச் செம்புல ஒன்னு கடைஞ்சு தரச் சொல்லியிருக்கார். சரிதானே?"

சின்ன லேத்துக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "திங்கக்கிழமை வந்து கெஞ்சினாருங்க. 'என் மச்சான் எனக்குக் கலப்பட நட்டு போட்டுட்டான், தினம் அதுக்கு அடியிலதான் படுத்து எழுந்திரிக்கறேன், புள்ளைங்க இருக்குய்யா'ன்னாரு. இது மெத்துனு இருக்கும்ணேன்னு சொன்னேன். 'சுத்தமான சரக்கு எப்படிய்யா தோத்துப்போகும்'னாரு. ஃபோர்மேன் மூடியைத் திறந்தாலும் ஏழைத்தானே பாப்பாருன்னு ஏழை அடிச்சேன். அன்னிக்கே ஆளுங்க போனப்புறம் தனியா இருந்து மாட்டிட்டு, செவ்வாய்க்கிழமை சின்ன வண்டி ஒன்னு ஏத்தினாரு, தாங்குச்சு. 'பாத்தியா'ன்னு கட்டிப்புடிச்சுக்கிட்டாருங்க..."

"தெரிஞ்சும் ரெண்டு நாளா ஏன் வாயைத் திறக்கல?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

சின்ன லேத்துக்காரரின் கண் ஒருமுறை பெரிய லேத்துக்குப் போய்த் திரும்பியது. ஆள் உள்ளே போனால் அந்த லேத் யாருக்கு வரும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். யாரோ காறித் துப்பினார்கள்.

"ஆனா எனக்கொன்னு புரியலம்மா," என்றார் இன்ஸ்பெக்டர். குரலில் சலிப்பு போயிருந்தது. "வெள்ளீயம் அதைவிட மெத்து. அதையும் செம்பையும் கலந்தா எப்படிக் கெட்டியாகும்? நானா இருந்தாலும் சுத்தச் செம்பைத்தான் போடச் சொல்லியிருப்பேன்."

உரைகல் ஒரு தட்டில் பேரிங் குண்டுகளைக் கொட்டச் சொன்னார். எல்லாம் ஒரே அளவு. வரிசை வரிசையாக நெருக்கி அடுக்கினார். "இது சுத்தச் செம்புன்னு வச்சுக்குங்க. அணு எல்லாம் ஒரே அளவு. ஒரு வரிசையைத் தள்ளுங்க."

இன்ஸ்பெக்டர் விரலால் தள்ளினார். ஒரு வரிசை அப்படியே பக்கத்து வரிசையை உரசி வழுக்கி ஓடியது.

"பாரம் விழறப்போ செம்புக்குள்ள இதுதான் நடக்குது. வரிசை வரிசையா நழுவும். அதான் வளையுது, வழியுது." இடையிடையே நாலு குண்டை எடுத்துவிட்டு, கொஞ்சம் பெரிய குண்டுகளைச் செருகினார். வரிசை கோணியது. "இப்போ தள்ளுங்க."

தள்ளினார். நகரவில்லை. பலமாகத் தள்ளினார். தட்டுதான் மேசையில் நகர்ந்தது.

"அளவு மாறின அணு குறுக்க நின்னா வரிசை நழுவ வழியில்ல. வெள்ளீயம் மெத்தா இருக்கலாம், ஆனா அதோட அணு பெருசு. அந்த வேலைக்கு அது போதும். சொக்கத் தங்கத்துல மோதிரம் செஞ்சா ரெண்டு நாள்ல நசுங்கிடும்னுதானே கொஞ்சம் செம்பு சேக்கறாங்க? இரும்புல துளி கரி சேந்தாத்தான் எஃகு. அளவோட தெரிஞ்சு சேக்கறதுக்கும் கலப்படத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அவருக்கு யாரும் சொல்லல."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மச்சான்," என்றார் பெரிய லேத்துக்காரர். வெண்கல நட்டை இரண்டு கையாலும் வாங்கி, ராவிய மூலையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். "ஒரே ஒரு வார்த்தை. பக்கத்து லேத்து வரைக்கும் வந்திருக்கே."

"வெள்ளீயம்தான் கலந்திருக்குன்னு அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று ஃபோர்மேன் தலையைச் சொறிந்தார். "நமக்கு வெண்கலம் கம்பியாத்தானே வருது. இங்க யாரும் உருக்கறதே இல்லையே."

வெல்டர் உரைகல்லைப் பார்த்தான். அவர் நோட்டை மூடிக்கொண்டிருந்தார். "மச்சானும் மச்சானும் ஒத்துப்போகல. அதுக்கு மேல என் அறிக்கைக்குத் தேவையில்ல," என்றார்.

*

இன்ஸ்பெக்டர் கையெழுத்து வாங்கி ஆளை விட மூன்றேகால் ஆயிற்று. பெரிய லேத்துக்காரர் முகம் கழுவப் போனார். காருக்குப் பக்கத்தில் அந்தப் பெண் நின்றாள். நின்றாள் என்பதைவிடக் காரில் சாய்ந்து விழாமல் இருந்தாள் என்று சொல்ல வேண்டும்.

"உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு," என்றாள்.

"இந்தப் பட்டறையில வெள்ளீயத்தைப் பத்திப் பேசறவர் உன் வீட்டுக்காரர் ஒருத்தர்தான். பேசற இடம் உன் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு," என்றார் உரைகல். "அண்ணன் எப்போ வந்தார்?"

"ஞாயித்துக்கிழமை. 'உனக்கு மண்டை காலின்னு சொல்றாரே, அந்த மேதாவி உன் ஜாக்கிக்கு என்ன போட்டிருக்கார் தெரியுமா'ன்னு கேட்டேன். அவர் மேல இருந்த ஆத்திரம். அண்ணன் என் பக்கம் பேசணும்னு... அவ்வளவுதான் நெனச்சேன். சத்தியமா அவ்வளவுதான்." அவள் உரைகல்லின் கையைப் பிடித்தாள். "இது வெளிய தெரிஞ்சா எனக்குப் பொறந்த வீடும் இல்ல, புகுந்த வீடும் இல்ல. எழுதிடாதீங்க."

"எழுதல. அறிக்கையில உனக்கு இடம் இல்ல. சொல்றதும் சொல்லாததும் உன் பாடு."

"நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?"

உரைகல் பையைக் காரில் வைத்தார். வெல்டருக்கு எதற்கும் ஒரு யோசனை இருக்கும். அன்றைக்கு இல்லை. கார்க் கதவைத் திறந்துவிட்டான்.

அண்ணன் வீட்டுத் தெரு முழுக்க ஆள். பெரிய லேத்துக்காரர் இறங்கியதும் பேச்சு நின்றது. பட்டறைக்காரர்கள் முந்திக்கொண்டு வந்து நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டும், யாரும் கை ஓங்கவில்லை. வழி விட்டார்கள். வாசலில் கதவை மறித்தபடி அண்ணி நின்றாள். கண் வற்றிப்போன முகம்.

"வாங்க தம்பி," என்றாள் அவரிடம். "உங்களைத் தப்பாப் பேசிட்டேன். உள்ள போய்ப் பாத்துட்டு வாங்க." பிறகு அவர் பின்னால் வந்தவளைப் பார்த்தாள். "நீயும் வா."

அந்தப் பெண் படியில் காலை வைக்கவில்லை. வெல்டர் இரண்டடி தள்ளி நின்றிருந்தான். சொல்லாதே தாயே, பேசாமல் உள்ளே போ என்று மனசுக்குள் கத்தினான்.

"அண்ணி, நட்டுல கலப்படம்னு அண்ணன்கிட்ட சொன்னது நான்தான். இவர் மேல கோவத்துல சொன்னேன். நான் சொல்லித்தான் அண்ணன் மாத்தினார்."

அண்ணியின் முகத்தில் எதுவும் அசையவில்லை. கதவை மறித்த கை மட்டும் மெல்லக் கீழே இறங்கியது.

"தெரியும்," என்றாள். "அன்னிக்கே வந்து சொன்னார். 'விடும்மா, அவ ஏதோ சண்டையில சொல்லியிருப்பா'ன்னுதான் சொன்னார். நான்தான் விடல. 'மொதல்ல அதை மாத்துங்க'ன்னு துரத்தினேன். மாத்திட்டேன்னு அவர் வந்து சொல்லவே இல்ல. புதன்கிழமை சேதி வந்தப்போ, ஐயோ மாத்தறதுக்குள்ள போயிட்டாரேன்னு நெனச்சேன்டி. மாத்தினதாலதான் போனார்னு இப்பத்தான் சொல்றாங்க."

சொல்லி முடித்தவள் அப்படியே படியில் உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒருத்தி தோளில் ஒருத்தி சாயவில்லை. கையைக் கோக்கவில்லை. நடுவில் ஒரு சாண் இடம் இருந்தது. உள்ளிருந்து யாரோ நேரமாச்சு என்று குரல் கொடுத்தார்கள். இருவரும் எழுந்திருக்கவில்லை.

வெல்டர் காருக்குத் திரும்பி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்தான். "அக்கா, யார்தான் கொன்னது?"

"கேள்வி தப்பு," என்றார் உரைகல். "வண்டியை எடு. தூக்கிட்டு வர வழி விடணும்."